மூன்று பெல்ட்டைத் தின்ற கார்: ஏசி பெல்ட் கழல்வது குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

"மூணு பெல்ட் போயிடுச்சு சார். இதுவும் போச்சுன்னா ஏசியே வேண்டாம்னு விட்டுடுவேன்" என்றபடி வண்டிக்காரர் ஒரு பையை என் மேசைமேல் வைத்தார். உள்ளே மூன்றாவது பெல்ட் இருந்தது. முதல் இரண்டையும் கழன்ற இடத்திலேயே தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அந்த இரண்டும் கையில் இருந்திருந்தால் இந்த வேலை ஒரு நாள் முன்பே முடிந்திருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வண்டி 11 ஆண்டு ஓடிய, நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார். மீட்டரில் 1,12,000 கி.மீ. இதன் கிராங்க் புல்லியில் (எஞ்சினின் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் முனையில் உள்ள, பெல்ட் ஓடும் சக்கரம்) இரண்டு தடங்கள். எஞ்சினை ஒட்டிய உள்தடத்தில் ஓடும் பெல்ட், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது. வெளித்தடத்தில் ஓடுவது ஏசிக்கு மட்டுமான பெல்ட். அதன் பாதை மிகச் சின்னது: கிராங்க், ஏசி வாயுவை அமுக்கும் கம்ப்ரஸர், இரண்டுக்கும் நடுவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் ஐட்லர் என்ற சின்னச் சக்கரம். தானாக இழுத்துக்கொள்ளும் டென்ஷனர் இல்லை. ஐட்லரை ஒரு நீள போல்ட்டால் ஏற்றி இறக்கித்தான் இறுக்கம் வைக்க வேண்டும்.

நடந்தது இது. பழைய பெல்ட் ஒரு நாள் ஓட்டத்தில் கழன்றது. வயதாகிவிட்டது என்று வேறொரு இடத்தில் புதிது போட்டார்கள். ஆறாம் நாள் அதுவும் கழன்றது. லூஸாக வைத்துவிட்டோம் என்று சொல்லி அடுத்த புதிதை நன்றாக இறுக்கினார்கள், கூடவே ஐட்லரையும் மாற்றினார்கள். அது 40 கி.மீ. கூடத் தாங்கவில்லை. மூன்று முறையும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முறை, வேகமாகப் போய்க்கொண்டிருந்தவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மறுபடி மிதித்த நேரத்தில் கழன்றிருக்கிறது. ஏசி போடாமல் ஓட்டிய நாட்களில் ஒரு முறைகூடக் கழலவில்லை. இந்தக் கடைசி வரியைக் கேட்டதும் கம்ப்ரஸர்மேல்தான் சந்தேகம் போகும். எனக்கும் போனது.

பையில் இருந்த பெல்ட்

அது நான்கு வரி பெல்ட், அதாவது உட்பக்கம் நீளவாட்டில் நான்கு மேடுகள் கொண்டது. அவை புல்லியின் காடிகளில், அதாவது பள்ளங்களில், உட்கார்ந்து ஓடும். முதுகில் 4 பிகே என்று தொடங்கும் எண் இருந்தது: 4 என்பது வரிகளின் எண்ணிக்கை, பிகே என்பது வரியின் வடிவம், அடுத்து வருவது மில்லிமீட்டரில் நீளம். பிகே வடிவத்தில் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் இடையே 3.56 மி.மீ. இந்த அளவு பின்னால் தேவைப்படும். எண் வண்டிக்குரியதுதான். நீளமும் சரி.

நான்கு வரிகளில் ஓரத்து வரி ஒன்று கயிறு மாதிரி உரிந்து தொங்கியது. அந்தப் பக்கத்து விளிம்பில் உள்நூல் வெளியே பிரிந்திருந்தது. மற்ற மூன்று வரிகளும் புதுசு போல இருந்தன. பெல்ட் லூஸாக இருந்து வழுக்கினால் வரிகளின் பக்கச் சுவர்கள் உரசிச் சூடேறிக் கண்ணாடி போல மினுக்கும், ரப்பர் கருகிய வாடையும் வரும். இங்கே அந்த இரண்டுமே இல்லை. ஆக, இந்த பெல்ட் வழுக்கவே இல்லை. பக்கவாட்டில் நடந்து போய், ஒரு காடி தாண்டி உட்கார்ந்து, வெளியே தொங்கிய வரி அறுந்து, அப்புறம்தான் கழன்றிருக்கிறது. தமிழில் இரண்டையும் "பெல்ட் ஸ்லிப் ஆகுது" என்றே சொல்லிவிடுகிறோம். வழுக்குவதும் நழுவி விழுவதும் இரண்டு வெவ்வேறு நோய்கள். முதலாவது பெரும்பாலும் இறுக்கக் குறைவு அல்லது சுமை. இரண்டாவது பெரும்பாலும் கோணல், அதாவது புல்லிகள் ஒரே நேர்கோட்டில் நிற்காதது.

உரிந்தது எந்தப் பக்கத்து வரி, எஞ்சின் பக்கமா வெளிப்பக்கமா? பெல்ட்டைக் கழற்றிய பிறகு இதைச் சொல்ல முடியாது, அதை எப்படித் திருப்பியும் மாட்டலாம். நல்ல வேளையாக, மூன்றாவது பெல்ட் போட்ட அன்று வண்டிக்காரர் போனில் ஒரு படம் எடுத்து வைத்திருந்தார். முதுகில் உள்ள எழுத்து எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்பது அதில் தெரிந்தது. உரிந்தது வெளிப்பக்கத்து வரி. அதாவது பெல்ட் எஞ்சினை விட்டு விலகி, வெளிப்பக்கமாக நடந்திருக்கிறது. அப்படியென்றால் ஏதோ ஒரு புல்லி வெளியே தள்ளி நிற்கிறது, அல்லது ஏதோ ஒன்று சாய்ந்திருக்கிறது. மூன்றே புல்லிகள்தான், எளிதில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள்

கம்ப்ரஸரிலிருந்தே தொடங்கினேன். ஏசி போட்டதும் புல்லியைக் கம்ப்ரஸரோடு பிணைக்கும் கிளட்ச்சின் முன்தட்டைக் கையால் சுற்றினேன். அடைப்போ இழுபறியோ இல்லாமல் சீராகச் சுற்றியது. புல்லியைப் பிடித்து ஆட்டியதில் பேரிங் ஆட்டம் இல்லை. கம்ப்ரஸரைத் தாங்கும் போல்ட்டுகள் நான்கும் இறுக்கமாக இருந்தன. அடியில் புது உலோகத் தேய்ப்பு எதுவும் இல்லாததால், கம்ப்ரஸர் கழற்றி மாட்டப்பட்டதல்ல என்பதும் தெரிந்தது. ஏசி வாயுவின் அழுத்தத்தைக் கேஜ் மாட்டிப் பார்த்தேன். ஏசி ஓடும்போது தாழ்பக்கம் 35, உயர்பக்கம் 220 பிஎஸ்ஐ. அன்றைய வெயிலுக்கு அது இயல்பு. ஏசி வாயுவின் சூட்டைத் தணிக்கும் கண்டன்ஸர் ஃபேன் ஓடாமல் உயர்பக்கம் ஏறிப்போயிருந்தால் கம்ப்ரஸரைச் சுற்றவே பெல்ட் திணறும். அந்தக் கதை இங்கே இல்லை. புது ஐட்லரும் சரியாகவே இருந்தது.

பிறகு ஸ்கேலைப் புல்லிகளின் முகத்தில் வைத்துப் பார்த்தேன். கிராங்க் புல்லியிலிருந்து கம்ப்ரஸர் வரை ஒரே நேர்கோடு. ஐட்லரும் அதே கோட்டில். கோணல் எங்கேயும் இல்லை.

சரி, புது பெல்ட் போட்டேன். இறுக்கம் வைத்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தி, மறுபடி சரிபார்த்தேன். புது பெல்ட் முதல் சில நிமிடங்களில் காடியில் உட்கார்ந்து கொஞ்சம் தளரும், அதனால் இந்த இரண்டாவது பார்வை அவசியம். ஏசி போட்டு இருபது நிமிடம் ஓடியது. விழவில்லை. ஆனால் குருவி கத்துவது போல ஒரு சின்னச் சத்தம், விட்டு விட்டு.

பெல்ட் சத்தத்துக்கு ஒரு பழைய சோதனை உண்டு. ஓடும் பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டும். சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. சத்தம் அடங்கி, தண்ணீர் காய்ந்ததும் திரும்ப வந்தால் கோணல். தெளித்தேன். சத்தம் சட்டென்று நின்றது. சில நொடிகளில் மறுபடி குருவி கத்தியது. தண்ணீர் கோணல் என்றது, ஸ்கேல் நேர் என்றது.

இங்கேதான் தவறு செய்தேன். இரண்டு சாட்சிகள் மாறி மாறிச் சொன்னால் மூன்றாவதைத் தேடியிருக்க வேண்டும். நானோ, புது பெல்ட் பழகும்போது கத்துவது உண்டு என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வண்டியைக் கொடுத்தனுப்பினேன். "சத்தம் கூடினா உடனே ஏசியை அணைச்சுட்டு ஓரமா நிறுத்துங்க" என்று மட்டும் சொல்லி வைத்தேன். அந்தச் சொல்தான் நான்காவது பெல்ட்டைக் காப்பாற்றியது.

இரண்டாம் நாள்

மறுநாள் மதியம் வண்டி திரும்ப வந்தது. சத்தம் கூடியதும் நிறுத்தியிருக்கிறார். பெல்ட் கழலவில்லை, ஆனால் கம்ப்ரஸர் புல்லியில் ஒரு காடி வெளியே தாண்டி உட்கார்ந்திருந்தது. வெளி வரி காற்றில் தொங்கியது. இன்னும் ஐந்து கி.மீ. ஓடியிருந்தால் அதுவும் கயிறாகியிருக்கும்.

இந்த முறை பெல்ட்டைக் கழற்றிவிட்டு, ஏசி பெல்ட் இல்லாமலே எஞ்சினை ஓடவிட்டேன். இதற்கு இந்த வண்டியின் அமைப்பு இடம் கொடுக்கிறது, ஏனென்றால் வாட்டர் பம்ப் வேறு பெல்ட்டில் இருக்கிறது. எல்லாம் ஒரே பெல்ட்டில் ஓடும் வண்டிகளில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தண்ணீர் சுழற்சி நின்றுவிடும், ஒரு நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. பக்கவாட்டிலிருந்து குனிந்து பார்த்தேன். கிராங்க் புல்லியின் விளிம்பு மங்கலாகத் தெரிந்தது, ஓடும் எந்தப் புல்லியும் கொஞ்சம் அப்படித்தான் தெரியும். கூட இருந்த பையன், "அண்ணே, ஸ்லோ மோஷன்ல எடுத்துப் பாக்கலாமா?" என்றான்.

அது எனக்குத் தோன்றவில்லை. போனில் நொடிக்கு 240 படம் எடுக்கும். ஐடிலில், ஆக்சிலரேட்டரை மிதிக்காதபோது, எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்று, அதாவது நொடிக்கு 13 சுற்றுக்குக் கொஞ்சம் மேல். ஒரு சுற்றுக்கு 18 படம் கிடைக்கும். எடுத்துப் பார்த்தோம். புல்லியின் நடுப்பகுதி அசையாமல் சுழல, வெளிவளையம் மட்டும் சாய்ந்த தட்டு போல உள்ளேயும் வெளியேயும் ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

எஞ்சினை நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் சாக்கெட் போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, நான்கு இடங்களிலும் ஸ்கேல் வைத்தேன். முதல் இடத்தில் இடைவெளி இல்லை. அடுத்ததில் 1.3, அதற்கடுத்ததில் 2.9, கடைசியில் 1.6 மி.மீ. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 3.56 மி.மீ. என்று மேலே சொன்னேன். எஞ்சின் ஒவ்வொரு முறை சுற்றும்போதும் பெல்ட் ஏறக்குறைய ஒரு வரி அகலத்துக்கு வெளியே இழுத்துத் தள்ளப்பட்டிருக்கிறது. அது இத்தனை நேரம் காடியில் நின்றதே பெரிது.

முதல் நாள் ஸ்கேல் ஏன் பொய் சொன்னது? அது பொய் சொல்லவில்லை, நான் ஒரே ஓர் இடத்தில்தான் கேட்டேன். நான்கு சிலிண்டர் எஞ்சினை அணைத்தால், சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் எதிர்ப்பினால், அது கண்ட இடத்தில் நிற்காது. அரைச் சுற்று இடைவெளியுள்ள இரண்டு இடங்களில் ஒன்றை ஒட்டித்தான் பெரும்பாலும் வந்து நிற்கும். அன்று அது நேராகத் தெரியும் இடத்தில் நின்றிருக்க வேண்டும். எதிர் இடத்தில் நின்றிருந்தால் வேலை அன்றே முடிந்திருக்கும்.

கடைசியாக ஓர் உறுதி தேவைப்பட்டது. புல்லியின் நடுப்பகுதி, அதைச் சுற்றியுள்ள ரப்பர், வெளிவளையம் மூன்றின் மேலும் குறுக்காக ஒரே வெள்ளைப் பெயின்ட் கோடு போட்டேன். பெல்ட்டை மாட்டி, ஏசி போட்டு, பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தினேன். நடுப்பகுதியில் இருந்த கோடும் வளையத்தில் இருந்த கோடும் இரண்டு விரல்கட்டை அளவு விலகி நின்றன. வளையம் ரப்பரின் மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

புல்லிக்குள் ஏன் ரப்பர்

வெளியிலிருந்து பார்த்தால் கிராங்க் புல்லி ஒரே இரும்புத் துண்டு போலத் தெரியும். பல எஞ்சின்களில் அது அப்படி இல்லை. நடுவில் ஒரு குடம், அதைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை, அதற்கு வெளியே கனமான வளையம். சிலிண்டர் ஒவ்வொன்றுக்குள்ளும் எரிபொருள் வெடிக்கும்போது கிராங்க் ஷாஃப்ட் நுண்ணிய அளவில் முறுகி, திரும்ப நிமிர்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, நிமிடத்துக்கு 3000 சுற்றில் நொடிக்கு 100. இந்த முறுக்கல் ஒரு கட்டத்தில் ஷாஃப்ட்டின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போனால், நாளடைவில் ஷாஃப்ட்டையே விரிசல் விடச் செய்யும். ரப்பர்மேல் உட்கார்ந்த வளையம் அந்த அதிர்வுக்கு எதிராக இழுத்து அதை விழுங்குகிறது. அதனால்தான் இந்த உறுப்பை டேம்பர் என்றும் சொல்கிறார்கள்.

இந்த வண்டியில் ஆல்டர்னேட்டர் பெல்ட்டின் தடம் குடத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஏசி பெல்ட்டின் தடம் வெளிவளையத்தில். ரப்பர் விட்டுப்போன பிறகும் ஆல்டர்னேட்டர் பெல்ட் குத்துக்கல்லாக நின்றது, சார்ஜ் குறையவில்லை, டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியவில்லை. கிராங்க் புல்லிமேல் யாருக்கும் சந்தேகம் வராததற்கு இதுவே காரணம்.

ஏசி போட்டால் மட்டும் கழன்றதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. ஏசி அணைந்திருந்தாலும் பெல்ட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கம்ப்ரஸரின் புல்லி வெறுமனே பேரிங்கில் சுற்றும், கிளட்ச் பிடிக்காததால் சுமை கிடையாது. வளையம் ஆடினாலும் பெல்ட் காடிக்குள் நெளிந்து சமாளித்துக்கொள்ளும். கிளட்ச் பிடித்த கணத்தில் பெல்ட்டின் ஒரு பக்கம் விறைக்கிறது, இன்னொரு பக்கம் தளர்கிறது. வளையமும் சுமை தாங்காமல் ரப்பரில் பின்தங்கிச் சுழன்று இன்னும் சாய்கிறது. தளர்ந்த பக்கம் கம்ப்ரஸர் புல்லிக்குள் நுழையும் இடத்தில் காடி தவறுகிறது. ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது வளையத்தில் திடீரென்று ஓர் இழுப்பு விழும், அதோடு கதை முடிந்தது.

மூன்றாவது பெல்ட்டை மட்டுக்கு மீறி இறுக்கியது நிலைமையைக் கெடுக்கவே செய்தது. இறுக்க இறுக்க வளையத்தை ஒரு பக்கமாக இழுக்கும் விசை கூடுகிறது. அது இரண்டாவதை விடச் சீக்கிரம் கழன்றதற்கு எனக்கு வேறு விளக்கம் தெரியவில்லை. "கழலுதா, இன்னும் இறுக்கு" என்பது நம் தொழிலில் ஊறிப்போன பழக்கம். பேரிங்குகள் சாவதும் அதனால்தான்.

ரப்பர் ஏன் விட்டது

புல்லியைக் கழற்றியதும் பின்பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. எஞ்சின் எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும், கிராங்க்கின் முன் ஆயில் சீல் கசிந்துகொண்டிருந்தது. கீழே சொட்டும் அளவுக்கு இல்லை, மண்ணோடு சேர்ந்து கரிய களிம்பாகப் படியும் அளவுக்கு. ரப்பரின் முன்முகம் காய்ந்து வெடித்திருந்தது, அது வயது. பின்முகம் ஊறி, விரலால் அழுத்தினால் அமுங்கியது, அது எண்ணெய். வெறும் வயதாக இருந்தால் இரண்டு முகமும் ஒரே மாதிரி இருந்திருக்கும். ஆகவே சீல் முதலில், ரப்பர் பிறகு என்பது என் முடிவு. இன்னொரு வகையிலும் இது முக்கியம்: சீலை விட்டுவிட்டு டேம்பரை மட்டும் மாற்றியிருந்தால் சில ஆண்டுகளில் இதே வண்டி இதே பையோடு திரும்ப வந்திருக்கும்.

வளையத்தைக் குடத்தோடு நாலு இடத்தில் வெல்டிங் வைத்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். பெல்ட் கழல்வது நின்றுவிடும், உண்மைதான். கிராங்க் ஷாஃப்ட்டின் அதிர்வை விழுங்க ஆள் இருக்காது. பழைய வண்டியிலிருந்து கழற்றிய டேம்பரும் வேண்டாம் என்றேன். அதிலுள்ள ரப்பருக்கும் ஏறக்குறைய இதே வயதுதான்.

பழுது நீக்கியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடத்தில் சீல் உரசும் இடத்தில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தேன். புது டேம்பரில் அது புதிதாகவே வரும் என்றாலும், பழையதில் பள்ளம் இருந்தால் சீல் எதனால் கெட்டது என்று தெரியும். லேசான வரி மட்டும் இருந்தது. புல்லியை ஷாஃப்ட்டோடு பிணைக்கும் சாவித் துண்டும் அது உட்காரும் காடியும் சேதமில்லை. புது சீல், புது டேம்பர். கிராங்க் போல்ட்டைத் தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில், அதற்கான பூட்டுக் கருவியைப் போட்டுப் பிடித்துக்கொண்டு இறுக்கினேன். இந்த போல்ட்டைக் கழற்ற, ஸ்பேனரை முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரைத் தட்டும் குறுக்கு வழி ஒன்று புழக்கத்தில் உண்டு. ஸ்பேனர் எங்கே பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, நான் செய்வதில்லை.

காடி தாண்டி உட்கார்ந்த பெல்ட்டை மறுபடி போடவில்லை. பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் விளிம்பு நூல் ஒரு முறை இழுபட்ட பெல்ட்டை நம்ப முடியாது. புதியதைக் கையாலேயே காடிகளில் உட்கார வைத்து, பிறகு ஐட்லரை ஏற்றினேன். ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றினால் அந்த நூல் அங்கேயே அறும். மூன்று புல்லியிலும் வெளியே ஒரு காடிகூடக் காலியாக இல்லை என்பதைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான்கு இடங்களிலும் ஸ்கேல் வைத்தபோது அதிகபட்ச விலகல் 0.3 மி.மீ. தண்ணீர் தெளித்ததில் எந்த மாற்றமும் இல்லை, ஏனென்றால் அடங்குவதற்குச் சத்தமே இல்லை.

இதே தோற்றம், வேறு காரணங்கள்

எல்லா வண்டியிலும் டேம்பர்தான் குற்றவாளி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கம்ப்ரஸர் மாற்றிய பிறகு பெல்ட் கழலத் தொடங்கினால் முதலில் அதன் இருக்கையைப் பார்க்க வேண்டும். நிலைப்படுத்தும் சின்னக் குழாய்த் துண்டு ஒன்று கழற்றும்போது விழுந்து தொலைந்திருக்கும், அல்லது இருக்கையில் துரு படிந்து கம்ப்ரஸர் சாய்ந்திருக்கும். 200 மி.மீ. இடைவெளியில் 1 டிகிரி சாய்ந்தாலே 3.5 மி.மீ. ஆகிவிடும், ஒரு முழு வரி. அடிப்பக்கத் தடுப்பு உடைந்த வண்டியில் சின்னக் கல் காடியில் சிக்கி பெல்ட்டைத் தூக்கி எறியும். அதற்குப் புல்லிக் காடியை டார்ச் அடித்துப் பார்த்தால் போதும்.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது, இழுபடும் வகை பெல்ட்டைப் பற்றி. சில வண்டிகளில் ஏசி பெல்ட்டுக்கு ஐட்லரும் இல்லை, இறுக்கும் போல்ட்டும் இல்லை. பெல்ட்டே ரப்பர் பேண்ட் போல இழுபட்டு இறுக்கத்தைத் தானே வைத்துக்கொள்ளும். பார்வைக்கு அது சாதாரண பெல்ட் மாதிரியே இருக்கும். அந்த இடத்தில் சாதாரண பெல்ட்டைப் போட்டால், ஏறும் அளவுக்கு நீளமானது எதுவும் ஓடும்போது தளர்ந்து விழும். சரியான வகையை வாங்கி, அதற்குரிய கருவி இல்லாமல் நெம்பி ஏற்றினாலும் உள்நூல் அறுந்து சில நாளில் விழும். இறுக்க வழியே இல்லாத வண்டியில் பெல்ட் கழன்றால், போட்டது எந்த வகை என்பதுதான் முதல் கேள்வி.

ஒரு மாதம் கழித்து வேறு வேலையாக அந்த வண்டி வந்தது. 1,400 கி.மீ. ஓடியிருந்தது, நாள் தவறாமல் ஏசியோடு. புது டேம்பரிலும் அன்றே ஒரு வெள்ளைக் கோடு போட்டு வைத்திருந்தேன். பையன் டார்ச்சோடு குனிந்து பார்த்துவிட்டு, "கோடு நேரா இருக்குண்ணே" என்றான். பழைய டேம்பர் இன்னும் பட்டறை அலமாரியில் கிடக்கிறது. வெளிவளையம் இப்போது கையாலேயே கழன்று வந்துவிடுகிறது.